சின்னக் குழந்தைகளுக்கு உடுப்பு வாங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை உடுப்பு மட்டும் தைத்து விற்கிற சின்னக் கடை எங்களுடையது. பிறந்த குழந்தையின் ஜப்லாவிலிருந்து யுகேஜி சீருடை வரைக்கும் தைக்கிறோம். வருகிற அம்மாக்களும் பாட்டிகளும், இப்போதெல்லாம் அப்பாக்களும், கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாமே நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் மனதில் வைத்துச் சொல்வது. ஆறு வயது வரைக்கும் உடுப்பில் முதல் இடம் குழந்தையின் உடம்புக்கு. புகைப்படத்தில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் அப்புறம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கடையில் ஒரு உடுப்பைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். குழந்தையின் தோலில் படுவது அதுதான். முன்பக்கம் அழகான யானை எம்பிராய்டரி இருக்கும்; உள்ளே அதற்குப் பிடிமானமாக வைத்த விறைப்பான தாள் அப்படியே நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும். அக்குளில் நான்கு தையல் வந்து சேரும் இடம் தடிப்பாக இருக்கிறதா, கீழ் மடிப்பை மீன்பிடி நரம்பு மாதிரியான நைலான் நூலால் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விரல் நுனி வேலை செய்து மரத்துப்போன இடம், அதை நம்ப வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கத்திலோ கன்னத்திலோ தேய்த்துப் பார்த்தால் உறுத்தல் தெரிந்துவிடும்.

குழந்தை கூட வந்திருந்தால் போட்டுப் பார்த்துவிட்டு நிற்கவைத்து ரசிப்பதோடு விடாதீர்கள். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், குந்தி உட்காரச் சொல்லுங்கள், ஓடச் சொல்லுங்கள். குந்தும்போது பின்னிடுப்பு இறங்குகிறது, கை தூக்கும்போது தோள் இழுக்கிறது என்றால் அந்த உடுப்பில் அது நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நூறு சதவீதம் பருத்திதான் போட வேண்டுமா?

தினசரி உடைக்கு ஆம் என்றுதான் சொல்வேன், குறிப்பாக மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கும். காரணம் எளிமையானது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. அதனால் வியர்வை தோல் மேலேயே நிற்கும், துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் வேறு. அது வியர்வையைப் பரப்பி உலர்த்துவதற்கென்றே பின்னப்பட்டது. குழந்தைகளுக்கு மலிவாக விற்கிற வழவழப்பான பாலியஸ்டர் சட்டையில் அந்த வேலைப்பாடு இருக்காது.

பருத்திக்கும் குறை உண்டு. மழைக்காலத்தில் காயாது, ஈர வாடை அடிக்கும், முதல் துவைப்பில் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாற்றுத்துணி பற்றாமல் திண்டாடுகிறவர்கள் பருத்தி கூடுதலாக இருக்கிற கலப்புத் துணி வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. இழுபடுவதற்காக ஐந்து சதவீதம் எலாஸ்டேன் சேர்த்த லெக்கிங்ஸும் சரிதான். ரேயான் என்றும் விஸ்கோஸ் என்றும் சொல்வது மரக்கூழிலிருந்து செய்யும் இழை. வியர்வையை நன்றாகவே உறிஞ்சும், மேலே போட்டால் குளுமையாக இருக்கும். ஆனால் நனைந்தால் பலம் குறையும், கும்மித் துவைத்தால் சீக்கிரம் போய்விடும்.

லேபிளில் "காட்டன்" என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "ரிச்" என்று போட்டிருந்தால் அது கலப்புத் துணி. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

பனியன் துணி நல்லதா, சட்டைத்துணி நல்லதா?

இரண்டுக்கும் வேலை இருக்கிறது. பனியன் துணி என்று நாம் சொல்வது பின்னலாடை. நூல் வளையம் வளையமாகக் கோத்துப் பின்னப்படுவதால் இழுத்தால் இழுபடும். சட்டைத்துணி நெய்தது, ஊடும் பாவுமாக இருப்பதால் இழுபடாது. தவழ்கிற, உருள்கிற, ஏறிக் குதிக்கிற வயதுக்குப் பனியன் துணிதான் தோது. வெறும் காற்றோட்டம் மட்டும் வேண்டும் என்றால், உச்சி வெயிலில் தளர்வாகத் தைத்த மல் துணி ஜப்லாவை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

பின்னலாடை வாங்கும்போது ஜிஎஸ்எம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. திருப்பூரிலிருந்து வரும் மாலில் இதைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நம் ஊர் வெயிலுக்கு 140 முதல் 160 வரை போதும். 180-க்கு மேல் போனால் துணி கனம், பார்க்கக் கம்பீரமாக இருக்கும், குழந்தைக்குப் புழுங்கும். 120-க்கும் கீழே என்றால் நாலைந்து துவைப்பில் தொளதொளத்துவிடும். எடை தெரியாவிட்டால் துணியை இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் நல்ல துணி. அலையலையாக நின்றுவிட்டால் முழங்காலும் கழுத்தும் அப்படித்தான் ஆகும்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்கிறார்கள். அது வெறும் நம்பிக்கைதானே?

அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. புதுத்துணியில் கஞ்சியும் மெருகுக்குப் போடும் மருந்துகளும், ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயமும் இருக்கும். சுருக்கம் விழாது என்று விற்கும் துணிகளில் போடும் பிசின் ஃபார்மால்டிஹைடை வெளிவிடக்கூடும். தாத்தாவின் பழைய வேட்டியும் பாட்டியின் நூல்புடவையும் நூறு முறை துவைத்ததில் இதெல்லாம் போய்ப் பஞ்சாகிவிட்டிருக்கும். அதனால் பழந்துணி தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதுசுதான் வேண்டும் என்றால் இரண்டு முறை துவைத்து வெயிலில் காயவைத்துப் போடுங்கள். குழந்தைக்கு எந்த வயதானாலும் புது உடுப்பை ஒரு தண்ணீராவது அலசாமல் போடாதீர்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். அந்தப் பழந்துணி பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்ததாக இருக்கக் கூடாது. பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள், வெள்ளையாகப் பளிங்கு மாதிரி இருக்குமே, அதுதான். அது நாஃப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும், ரத்தசோகை வரும். நம் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பிறந்த சில நாட்களில் பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருக்காது. துவைத்தாலும் அந்த வாடை லேசில் போவதில்லை. மூத்த குழந்தையின் துணிகளை அடுத்த குழந்தைக்கு எடுத்துவைப்பவர்கள் அந்துருண்டையே போடாமல் காய்ந்த வேப்பிலையோ வசம்போ தனியாக ஒரு துணியில் முடிந்து மேல்தட்டில் வையுங்கள்.

பிறந்த குழந்தைக்கு எத்தனை அடுக்கு போடலாம்? தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் வேண்டுமா?

பெரியவர்களான நாம் அந்த அறையில் எத்தனை அடுக்கில் சௌகரியமாக இருக்கிறோமோ, அதைவிட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. சென்னை மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே மெல்லிய ஜப்லாவும் நாப்கினுமே போதும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகள் கதை வேறு. அவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி.

உள்ளங்கை, உள்ளங்கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயந்து துணியை அடுக்குகிறார்கள். பச்சைக் குழந்தைக்கு அது சகஜம். பிடரியிலோ நெஞ்சிலோ கைவைத்துப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

தொப்பியை வெளியே போகும்போது போடுங்கள். வீட்டுக்குள், அதிலும் தூங்கும்போது வேண்டாம். குழந்தை தன் உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளிவிடுகிறது, போதாததற்குத் தொப்பி நழுவி மூக்கை மூடவும் கூடும். கையுறை பிறாண்டாமல் இருக்கத்தான் என்றால் நகத்தை வெட்டிவிட்டால் தீர்ந்தது. கையுறை, காலுறைக்குள் தொங்கும் ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். உள்ளே இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. காரணம் புரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் விரல்கள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். காலுறை வாங்கினால் உள்பக்கம் திருப்பிப் பிசிறை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

துணியில் சுற்றிப் படுக்கவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கால்களை நீட்டிவைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு சரியாக அமைவதற்குக் கால் மடங்கி விரிய இடம் வேண்டும்.

சட்டையைத் தலை வழியாகப் போட்டாலே அலறுகிறான். என்ன செய்யலாம்?

அவன் அலறுவதில் நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தலையே உடம்பின் நீளத்தில் கால்பங்கு. கழுத்து அளவுக்குத் தைத்த துவாரத்தில் அந்தத் தலை எப்படி நுழையும்? ஆறு மாதம் வரைக்கும் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற, நாடாவோ டிச் பட்டனோ வைத்த ஜப்லா வாங்குங்கள். அதற்கு மேல் தோளில் பட்டன் திறக்கிற பனியன், அல்லது தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து நிற்கிற கழுத்து. இந்த மடிப்புக் கழுத்தின் அருமை, குழந்தை முதுகு வரைக்கும் கழிந்து வைத்திருக்கும் நேரத்தில்தான் தெரியும். தலை வழியாக உருவி முகத்தில் பூசவேண்டியதில்லை. தோளை அகட்டிக் கீழ்வாக்கில் கால் வழியாகவே இறக்கிவிடலாம்.

போடும் முறையிலும் இருக்கிறது. சட்டையை மாலை மாதிரி சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் பின்னந்தலையில் மாட்டி, முகத்தைத் தொடாமல் முன்னால் இழுங்கள். கையை உள்ளே தள்ளாதீர்கள். உங்கள் விரலைக் கைத்துவாரத்தின் வெளியிலிருந்து உள்ளே விட்டு, குழந்தையின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள்.

எத்தனை வயதில் குழந்தை தானே உடுத்திக்கொள்ளும்?

கழற்றுவது முதலில் வரும், போடுவது பின்னால் வரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியல் எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அதில் உடுப்பு பற்றித் தெளிவாக இருக்கிறது. ஒன்றரை வயதில் கையைச் சட்டைக்குள் நீட்டியும் காலைத் தூக்கியும் உதவும். இரண்டரை வயதில் தொளதொளப்பான கால்சட்டையைத் தானே கழற்றும். மூன்றில் அதே மாதிரித் தளர்வான உடுப்பைப் போட்டுக்கொள்ளும். நான்கில் சில பட்டன்களை அவிழ்க்கும், ஐந்தில் சில பட்டன்களைப் போடும். "தளர்வான" என்ற சொல்லைக் கவனியுங்கள். இறுக்கமான ஜீன்ஸைக் கொடுத்துவிட்டு மூன்று வயதாகியும் தானே போடத் தெரியவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வழி, கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. நீங்களே கால்சட்டையை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுத்துவிடும் வேலையை மட்டும் குழந்தைக்குக் கொடுங்கள். முடித்த பெருமை அதனுடையதாக இருக்கும். அது பழகியதும் ஒரு படி முன்னால் விட்டுவிடுங்கள். முன்னால் திறக்கிற சட்டைக்கு இன்னொரு வழி: தரையில் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, கழுத்துப் பக்கம் குழந்தையின் காலடியில் வரும்படி வையுங்கள். குனிந்து இரண்டு கையையும் விட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் சட்டை முதுகில் வந்து விழும். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இது விளையாட்டாகவே இருக்கும்.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த கல்விச் சாதனங்களில் மரச்சட்டத்தில் துணி கட்டிப் பட்டன், கொக்கி, நாடா போட்டுப் பழகுகிற ஒன்று உண்டு, இன்றைக்கும் அந்தப் பள்ளிகளில் இருக்கிறது. வீட்டில் பழைய சட்டை ஒன்றைத் தலையணைக்கு மாட்டிக் கொடுத்தால் அதே பயிற்சி கிடைக்கும். பெரிய பட்டன், கொஞ்சம் தளர்ந்த காஜா உள்ள சட்டையாக இருக்கட்டும்.

அடையாளத்துக்கு: சட்டையின் முன்பக்கத்தில் படமோ பையோ இருந்தால் முன் எது பின் எது என்று குழந்தைக்குக் குழப்பம் வராது. எதுவும் இல்லாத உடுப்பில் பின்கழுத்தின் உள்ளே வண்ண நூலால் ஒரு தையல் போட்டுக்கொடுங்கள்.

கழிப்பறை பழக்கும் வயதில் எப்படிப்பட்ட உடை?

இழுத்தால் இறங்க வேண்டும். அவ்வளவுதான். எலாஸ்டிக் இடுப்பு வைத்த தளர்வான அரைக்கால் சட்டை, கொஞ்சம் பெரிய சைஸ் ஜட்டி. இந்த வயதில் குழந்தைக்கு முட்டிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். தெரிந்ததற்கும் வருவதற்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த நேரத்தில் தோள்பட்டை வைத்த டங்கரி, கால் நடுவில் பட்டன் வைத்த ரோம்பர், பெல்ட், ஜிப், நாடா எல்லாமே எதிரிகள். நனைத்துவிட்டுக் குழந்தை அவமானப்படும், திட்டும் விழும். தப்பு உடுப்பின் மேல்தான்.

எல்கேஜி சீருடையே பெல்ட், டை, கொக்கி வைத்த கால்சட்டை என்றுதான் இருக்கிறது. நாம் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். வெளிப்பார்வைக்குச் சீருடை அப்படியே இருக்க, உள்ளே மாற்றித் தைக்கலாம். கொக்கியையும் ஜிப்பையும் எடுத்துவிட்டு முழு எலாஸ்டிக் வைத்து, முன்னால் பட்டன் இருப்பது போலவே தைத்துத் தருகிறோம். எந்தத் தையல்காரரும் செய்வார். சட்டைப் பட்டன்களை மேலே தெரியும்படி தைத்துவிட்டு, உள்ளே டிச் பட்டனோ வெல்க்ரோவோ வைக்கலாம். பினஃபோருக்குப் பின்னால் இருக்கும் ஜிப்பை முன்பக்கமோ பக்கவாட்டிலோ கொண்டுவரலாமா என்று பள்ளியில் கேட்டுப்பாருங்கள்.

சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. உள்ளே கை இல்லாத மெல்லிய பருத்தி பனியன் போட்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். பள்ளி திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று முறை துவைத்து மொடமொடப்பைப் போக்கிவிடுங்கள். பெண் குழந்தைகளுக்கு பினஃபோருக்குள் பருத்தி ஷார்ட்ஸ் கட்டாயம்.

பெல்ட்டை அவிழ்க்க முடியாததால் மதியம் வரைக்கும் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வருவது மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் தைரியமாக எழுந்து சொல்லுங்கள். மூன்றரை வயதுக்குப் பெல்ட்டும் டையும் எதற்கு என்று நான் எந்தப் பள்ளியிடமும் கேட்கத் தயார்.

கழுத்து லேபிள் உறுத்துகிறது என்று பிய்த்துக்கொள்கிறாள். இது சாதாரணம்தானா?

சாதாரணம். கத்தரிக்கோலால் வெட்டினால் தையலில் நிற்கும் மிச்சம் முன்னைவிட அதிகமாகக் குத்தும். தையல் பிரிக்கும் ஊசியால் முழுசாகப் பிரித்து எடுங்கள். அச்சடித்த லேபிள் உள்ள உடுப்பாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. சில குழந்தைகளுக்குத் தையல், எலாஸ்டிக், காலுறையின் விரல்நுனி மடிப்பு எல்லாமே தாங்க முடியாத உறுத்தலாக இருக்கும். அடம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளாடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். உடுப்போடு சாப்பாடு, சத்தம், தொடுதல் எல்லாவற்றிலும் இதே மாதிரி இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள்.

வேர்க்குரு வந்தால்?

வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது அது. தளர்வான, கை இல்லாத மெல்லிய பருத்தி போடுங்கள், வீட்டில் இருக்கும்போது வெறும் ஜட்டியோடு விடுங்கள். பவுடரை அப்பாதீர்கள், துவாரத்தை அது இன்னும் அடைக்கும், மூச்சுக்குள்ளும் போகும்.

விசேஷத்துக்குப் பட்டுப்பாவாடை, ஷெர்வானி எல்லாம் போடவே கூடாதா?

யார் சொன்னது? போடுங்கள். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் பட்டுப்பாவாடை இல்லாமல் எப்படி? உள்ளே முழுக்க மெல்லிய பருத்தி லைனிங் வைக்கச் சொல்லுங்கள், பாலியஸ்டர் லைனிங் வேண்டாம். கைவளையத்திலும் கழுத்திலும் வரும் ஜரிகை ஓரத்தின் உள்பக்கம் ஒரு பட்டைத் துணி கொடுத்துத் தைத்தால் அறுக்காது. பாவாடை இடுப்பில் நாடா கட்டினால் இறுகும், வழுவும். மேலே கை இல்லாத பருத்தி பாடி வைத்துப் பாவாடையை அதோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பாரம் தோளில் நிற்கும், குழந்தை ஓடும். நீளம் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் மாடிப்படியில் தடுக்கும். முகூர்த்தம் முடிந்து படம் எடுத்ததும் மாற்ற ஒரு பருத்தி கவுன் பையில் இருக்கட்டும்.

கல், சமிக்கி, மணி ஒட்டிய உடுப்பு மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். உதிர்ந்தால் நேரே வாய்க்குப் போகும். ஊக்குக் குத்தி அட்ஜஸ்ட் செய்வதும் வேண்டாம்.

தீபாவளி பற்றித் தனியாகச் சொல்கிறேன். வாசலில் பட்டாசு வெடிக்கும் நேரத்தில் நெட் துணி கவுன், துப்பட்டா, தொங்கும் கை வைத்த சட்டை எதுவும் கூடாது. பருத்தியும் தீப்பிடிக்கும். ஆனால் பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். உடம்போடு பொருந்திய கனமான பருத்தி உடையே அன்றைக்குச் சரி. பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிடுங்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹூட் என்கிற தலைமூடி வைத்த சட்டையில் கயிறு ஆபத்து என்கிறார்களே?

உண்மைதான். சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-லேயே இதற்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஐரோப்பியத் தரவிதிப்படி ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடுப்பில் கழுத்திலோ தலைமூடியிலோ கயிறே கூடாது. ஏற்றுமதிக்குத் தைக்கும் நம் ஊர் நிறுவனங்களுக்கு இது மனப்பாடம். உள்ளூர்ச் சந்தைக்கு வரும் உடுப்பில் மட்டும் இன்னும் கயிறும் குஞ்சலமும் தொங்குகின்றன. வாங்கியிருந்தால் இன்றைக்கே உருவி எடுத்துவிடுங்கள்.

வளர்கிற பிள்ளைதானே, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

ஒரு சைஸ் போதும். முதல் வருஷத்தில் குழந்தை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வளர்கிறது, இரண்டாம் வருஷத்தில் 12 அளவில், அப்புறம் வருஷத்துக்கு ஆறேழுதான். அதனால் ஒரு வயதுக்குள் நிறைய வாங்கி அடுக்குவது வீண். மூன்று மாதத்தில் பத்தாது. மூன்று வயதுக்கு மேல் ஒரு சைஸ் கூட எடுத்தால் ஒரு வருஷம் நன்றாக வரும். நீளம் கூட இருக்கலாம், மடித்துத் தைத்துப் பிறகு பிரித்துவிடலாம். தோளும் கழுத்தும் கூட இருக்கக் கூடாது, சட்டை சரிந்துகொண்டே இருக்கும்.

வயதைச் சொல்லி வாங்காதீர்கள். "இரண்டு வயசு" என்ற சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 16, 18, 20 என்று போடும் எண்களும் அப்படியே. குழந்தையின் உயரம், நெஞ்சுச் சுற்றளவு, இடுப்பு இவற்றை அலைபேசியில் குறித்துவைத்துக்கொண்டு போங்கள். ஐரோப்பிய உடுப்பில் 92, 98, 104 என்று இருந்தால் அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில்.

எலாஸ்டிக்குக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் இடுப்பில் சிவந்த கோடு மறையாவிட்டால் இறுக்கம். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதன் மேல் எலாஸ்டிக் அமுங்காமல் பாருங்கள்.

பெண் குழந்தைக்கு வாங்கும்போது எல்லாமே இறுக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதே?

நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே வயது, ஒரே உயரம். பையனுக்கு முழங்கால் வரைக்கும் தளர்வான ஷார்ட்ஸ், பெண்ணுக்குத் தொடையைப் பிடிக்கிற குட்டை ஷார்ட்ஸ், அதிலும் பை கிடையாது. நான்கு வயதுப் பெண்ணின் உடம்பும் பையனின் உடம்பும் அளவில் ஒன்றுதான். தயங்காமல் பையன்கள் பகுதியில் போய் எடுங்கள். பொறுக்கிய கூழாங்கல்லை வைத்துக்கொள்ள அவளுக்கும் பை வேண்டும்.

டெங்கு காலத்தில் முழுக்கை போட வேண்டுமா?

போடுங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வெளிர் நிறத்தில், உடம்பை ஒட்டாத மெல்லிய பருத்தி முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். ஒட்டிப்பிடிக்கிற லெக்கிங்ஸின் மேலேயே கொசு கடித்துவிடும்.

செருப்பு, ஷூ?

வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது, நடை பழகுவதற்குக் கால்விரல் தரையைப் பிடிக்க வேண்டும். வெளியே போக வெல்க்ரோ வைத்தது வாங்குங்கள். லேஸ் கட்ட ஐந்தாறு வயதாகும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மாலையில் வாங்கினால் கால் கொஞ்சம் பருத்திருக்கும், அளவு சரியாக வரும்.

ஒரே சட்டையைத்தான் தினமும் போடுவேன் என்கிறான். மாற்ற முடியவில்லை.

அந்தச் சட்டையை எடுத்துத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் இருப்பதிலேயே மெத்தென்று, தளர்வாக, லேபிள் இல்லாமல் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். அதே துணியில், அதே தையலில் இன்னும் இரண்டு மூன்று வாங்கிவிடுங்கள், அல்லது எடுத்துக்கொண்டு வாருங்கள், அளவு பார்த்து அதே மாதிரித் தைத்துவிடலாம். காலையில் பீரோவைத் திறந்துவிட்டு "எது வேண்டும்" என்று கேட்பதற்குப் பதிலாக, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கூடையில் இரண்டே இரண்டு உடுப்பை வைத்து, "இதுவா, அதுவா" என்று கேளுங்கள். இரண்டும் நீங்கள் சரிபார்த்தவையாக இருந்தால் அவன் எதை எடுத்தாலும் உங்களுக்குச் சம்மதம்தானே.